நாலாவது மூலையில் ஒரு முடிச்சு

கிஷோர் பெங்களூரிலிருந்து வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. லீவில் வந்திருக்கிறான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். நாலு மாதம் லீவு கொடுக்கிற சாப்ட்வேர் கம்பெனி எது என்று ஆந்திர எல்லையில் இருந்த அந்த நகரி ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால், சரி, உங்கள் பிள்ளை என்ன செய்கிறான் என்று பதிலுக்கு ஒரு கேள்வி வரும். வீட்டுக்கு ஒருத்தராவது பெங்களூரிலோ சென்னையிலோ குவைத்திலோ இருந்த காலம் அது. போன எல்லாருமே நன்றாக இருந்தார்கள். நன்றாக இல்லாமல் ஒருத்தர்கூட இருந்ததாக அந்தத் தெருவில் சரித்திரமே கிடையாது.

கிஷோரின் அண்ணி தாட்சாயணிக்கும் அப்படி நன்றாக இருக்கிற தங்கை ஒருத்தி உண்டு. ரூபா என்று பெயர். மூன்று வருஷத்துக்கு முன்னால் குவைத்தில் ஒரு வீட்டு வேலைக்குப் போனவள். முதலில் மாதம் ஒரு தடவை போன் வந்தது. பிறகு ஒரு நாள், வேறு வீட்டுக்கு மாறப் போகிறேன் என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வைத்தாள். அதற்கப்புறம் பதினாலு மாதமாக ஒரு சத்தமும் இல்லை. பழைய நம்பரைப் போட்டால் யாரோ ஒரு பெண் அரபியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். அனுப்பிவைத்த ஏஜென்டு, "பாகானே உந்தம்மா, நல்லாத்தான் கீது" என்று இரண்டு பாஷையிலும் சொன்னான். எந்த வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கேட்டாலும் அவன் அதையேதான் சொன்னான். தெருவில் யாராவது விசாரித்தால் தாட்சாயணியும் அதையே சொன்னாள். தங்கையைக் காணவில்லை என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால் மறுநாள் ஊர் என்னென்ன கதை கட்டும் என்று அவளுக்குத் தெரியும். உள்ளுக்குள் மட்டும் பயம் தின்றுகொண்டிருந்தது.

லீவு நீள நீள கிஷோருக்கு ஞானம் பிறந்தது. கலைஞர்களும் கைவேலை செய்கிறவர்களும் இன்டர்நெட்டில் பிளாக் எழுதத் தெரியாமல் இருட்டில் கிடக்கிறார்கள், அவர்களைக் கைதூக்கிவிட ஒருவன் வேண்டும், அந்த ஒருவன் தான்தான் என்று முடிவு செய்தான். லுங்கியைக்கூட இறுக்கிக் கட்டத் தெரியாத பிள்ளை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை ஆட்டி ஆட்டி, அண்ணி பின்னும் ஒயர் கூடைகளின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினான்.

"உங்க கையில இருக்கறது பெரிய ஸ்கில்லு அண்ணி. அத்த உலகத்துக்குக் காட்டணும்."

"உலகத்துக்கு இன்னாத்துக்குப்பா? வரலட்சுமி அக்கா ரெண்டு கூடை கேட்டுது, அதுவே இன்னும் முடியலை."

"பிளாக்ல போட்டா எங்க இருக்கறவங்களும் பாப்பாங்க."

தாட்சாயணியின் கை நின்றது. "குவைத்துல கூடவா?"

"குவைத்து, துபாய், அமெரிக்கா, எல்லாந்தான்."

அமெரிக்காவும் துபாயும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. முதல் சொல்லுக்காகவே சரி என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு டிப்ஸ் மழை. கூடையை வெள்ளைப் பின்னணியில் படம் எடுக்க வேண்டும் என்றான். விசைத்தறிக்குப் போயிருந்த அண்ணன் கன்னையாவின் கல்யாண வேட்டி கொடியில் ஏறியது. சாயங்காலம் வீட்டுக்கு வந்த கன்னையா, தன் வேட்டிக்கு முன்னால் தன் மனைவியின் கூடையும், கூடைக்குள் தன் தம்பியின் காபி கப்பும், கப்புக்குப் பக்கத்தில் ஒரு செம்பருத்திப் பூவும் இருப்பதைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் கை கால் கழுவப் போய்விட்டான். நல்ல மனுஷன்.

படத்தைத் திருடிவிடுவார்கள், அதனால் மேலே பெயரைப் போட வேண்டும் என்றான். போட்டான். பெயர் எவ்வளவு பெரிதாக இருந்ததென்றால், திருடுவதற்குக் கூடையே கண்ணுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை பத்து மணிக்குத் தவறாமல் பதிவு போட வேண்டும், அப்போதுதான் வாசகர்கள் பழகுவார்கள் என்றான். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தவறாமல் கரண்டு போனது. வாசகர்கள் அதற்குப் பழகினார்களா தெரியாது.

எல்லாம் இங்கிலீஷில். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறான் என்று தாட்சாயணி ஒரு நாள் படித்துக் காட்டச் சொன்னாள். வம்சம் வம்சமாக வந்து, இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் ஒரு பழங்குடிக் கலையை அவள் கண்ணீரோடு காப்பாற்றி வருவதாக எழுதியிருந்தான்.

"ஏம்பா, நானும் ரூபாவும் இத்தப் புத்தூர்ல தையல் கிளாசுல கத்துக்கினோம். டீச்சரம்மா பேரு நாகபூஷணம்மா. இன்னும் கடையில ஒயரு லாரி லாரியா வந்து எறங்குது. இது எங்க அழியுது?"

"ஸ்டோரி வேணும் அண்ணி. ஸ்டோரி இல்லாம யாரும் வாங்க மாட்டாங்க."

இரண்டு மாதத்தில் அந்தப் பிளாகுக்கு இரண்டே பின்னூட்டம் வந்தது. ஒன்று, ஜெனிஃபர் என்ற பெயரில் கிஷோரே தனக்குச் சொல்லிக்கொண்ட பாராட்டு. இன்னொன்று, வழுக்கைத் தலையில் முடி வளரவைக்கும் மருந்துக்கான விளம்பரம். திருப்பதிக்குப் பக்கத்து ஊர் என்று தெரிந்துதான் அனுப்பினார்களோ என்னவோ.

தாட்சாயணிக்கு அப்போதுதான் உறைத்தது. ரூபா இதைப் பார்த்தாலும் ஒரு வரி புரியாது. அவளுக்குப் பேச்சு தமிழ், எழுத்து தெலுங்கு. அவளுக்கு மட்டுமா? அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான். வீட்டில் நைனா, ஆயா என்று தமிழில் பேசிவிட்டு, தெலுங்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய் அ ஆ படித்தவர்கள். ரூபா குவைத்திலிருந்து ஆரம்பத்தில் போட்ட இரண்டு கடிதமும் தெலுங்கு எழுத்தில் எழுதிய தமிழ்தான். 'அக்கா, இங்க சோறு துன்ன நேரமில்ல' என்பதைத் தெலுங்கு எழுத்தில் படித்தால்தான் தாட்சாயணிக்கு அது ரூபாவின் குரலாகக் கேட்கும்.

அப்படியே எழுதலாமா என்று கிஷோரைக் கேட்டாள். அவன் முகத்தைப் பார்த்தால், பச்சைக் குழந்தைக்குச் சாராயம் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டாள் போல இருந்தது.

"அண்ணி, தமிழ்நாட்டுக்காரனுக்கு அந்த எழுத்து தெரியாது. தெலுங்குக்காரனுக்கு எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. படிக்க ஆளே இருக்க மாட்டாங்க. ஆடியன்ஸ் ஜீரோ."

"எனக்கு ஒருத்தி போதும்."

அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருத்திக்காகப் பிளாக் எழுதுவது என்பது அவனுடைய டிப்ஸ் எதிலும் வராத விஷயம்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எத்திராஜ் நெட் சென்டர் வைத்திருந்தார். வேலைக்கு அப்ளிகேஷன் போடுகிறவர்களும் ரிசல்ட் பார்க்கிறவர்களும் மட்டும் வரும் கடைக்கு, மத்தியானம் சமையலை முடித்துவிட்டு ஒரு பெண் வந்து உட்கார்ந்ததும் அவருக்கு ஆச்சரியம். இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால் தெலுங்கு எழுத்தாக மாறும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். தமிழைத் தெலுங்கு எழுத்தில் வரவைக்க தாட்சாயணி இங்கிலீஷில் தட்டினாள். மூன்று பாஷை சேர்ந்து ஒரு கூடைக்கு ஒயர் அளந்து முடிக்கவே இரண்டு மணி நேரம் ஆனது. எத்திராஜ் அவளுக்காக ஒரு புதுப் பிளாக் திறந்து கொடுத்தார். பெயர் என்ன வைக்கட்டும் என்று கேட்டதற்கு, "கூடை போடறது எப்படின்னே இருக்கட்டும்ண்ணா" என்றாள்.

நாலு வாரம் சரியாக எழுதினாள். ஒயரை எப்படி அளந்து வெட்டுவது, மடிப்பது, முதல் வரிசை முடிச்சு, அடிப்பாகம். வாரத்துக்கு வாரம் ஆள் கூடியது. பெங்களூரில் ஒரு பேக்கரியில் இருந்தவர், அம்பத்தூரில் லேத்துப் பட்டறையில் இருந்தவரின் மனைவி, மஸ்கட்டில் டிரைவராக இருந்த சத்தியவேட்டுக்காரர். டிரைவருக்குக் கூடை எதற்கு? நம்ம பேச்சை நம்ம எழுத்தில் நெட்டில் பார்த்ததே இல்லை, அதற்காகவே படிக்கிறேன் என்று எழுதியிருந்தார். ஜீரோ ஆடியன்ஸ் இப்படி உலகம் பூராவும் சிதறிக் கிடக்கும் என்று கிஷோர் எதிர்பார்க்கவில்லை. ரூபா மட்டும் வரவில்லை.

ஐந்தாவது வாரம்தான் தாட்சாயணி அந்தக் காரியத்தைச் செய்தாள். கூடையின் அடிப்பாகம் முடிந்து பக்கவாட்டுக்குத் திரும்பும்போது, நாலு மூலையிலும் ஒவ்வொரு முடிச்சு கூடுதலாகப் போட வேண்டும். ஒன்று விட்டாலும் கூடை சாய்ந்துவிடும். தையல் கிளாஸ் காலத்தில் தாட்சாயணி நாலாவது மூலைக்கு வரும்போதெல்லாம் பேச்சு சுவாரசியத்தில் அந்த முடிச்சை விட்டுவிடுவாள். ரூபாவால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவே முடியாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து வந்து, எச்சில் கையோடு கூடையைப் பிடுங்கி, திட்டிக்கொண்டே பிரிப்பாள். தங்கையே, எங்கே இருக்கிறாய் என்று ஊர் பார்க்க எழுத முடியாது. தப்பை எழுதலாம். மூன்று மூலைக்கு முடிச்சைச் சொல்லிவிட்டு, நாலாவதை வேண்டுமென்றே விட்டுவிட்டு, பதிவைப் போட்டாள். ரூபா எங்கே இருந்தாலும், உயிரோடு இருந்தால், இதற்கு வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டாள் என்று நம்பினாள்.

ஊரே திட்டியது. 'அக்கா கூடை சாயுது.' 'மேடம், என் சம்சாரம் மூணு தடவை பிரிச்சிட்டா.' 'ஒயர் பூரா வீணாப் போச்சு, தெரியாட்டி எதுக்கு எழுதறீங்க?' தாட்சாயணி தினம் மத்தியானம் போய் ஒவ்வொரு திட்டையும் வரி வரியாகப் படித்தாள். எதிலும் ரூபாவின் குரல் இல்லை. எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவாள்.

"அண்ணி, மொத்தம் எழுபத்தி மூணு கமென்ட்டு, ஒண்ணுக்கும் நீங்க ரிப்ளை பண்ணலை," என்று கிஷோர் தலையில் அடித்துக்கொண்டான். "இருபத்தி நாலு மணி நேரத்துல ரிப்ளை பண்ணணும், தப்பைத் திருத்தணும். அடிப்படையே தெரியலையே."

"திருத்த மாட்டேன்."

"ஏன்?"

"வேணும்னுதான் வுட்டேன்."

அண்ணிக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறிவிட்டது என்று அவன் அண்ணனிடம் சொன்னான். "அவ இன்னா பண்றான்னு அவளுக்குத் தெரியும், நீ உன் வேலையப் பாரு," என்றான் கன்னையா. அது லீவில் இருப்பவனிடம் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை.

நாற்பது நாள் போனது. அதற்குள் கிஷோருக்குத் திருப்பதியில் ஒரு மேடை கிடைத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜின் மாடி ஹால். 'கலைஞர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் பத்து பிளாக்கிங் டிப்ஸ்' என்று தெலுங்கில் பேனர். அண்ணி வராவிட்டால் மானம் போய்விடும் என்று கெஞ்சி, ஐந்து கூடைகளோடு அவளை முன்வரிசையில் கொண்டுவந்து உட்காரவைத்தான். வந்திருந்தவர்கள் இருபத்திரண்டு பேர். பிள்ளையார் பொம்மை செய்கிறவர், கல்யாணத்துக்கு ஆரத்தித் தட்டு அலங்கரிக்கும் இரண்டு அம்மாக்கள், ரிட்டயரான பிறகு ஓவியம் வரைய ஆரம்பித்த திருவேங்கடம் என்ற தாலுகா ஆபீஸ்காரர். மீதிப்பேர் மத்தியானச் சாப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். அவர்கள்தான் அதிகமாகக் குறிப்பெடுத்தார்கள்.

ஆறு டிப்ஸ் முடிந்தது. நாமே நம்மை நம்ப வேண்டும் என்பது அதில் இரண்டு தடவை வந்துவிட்டது. பொம்மைக்காரர் எழுந்து, கம்ப்யூட்டர் இல்லாமல் பிளாக் எழுத முடியுமா என்று தெலுங்கில் கேட்டார். நல்ல கேள்வி என்று கிஷோர் பாராட்டினான், பதில் சொல்லவில்லை.

"ஏழாவது டிப். எப்படி எழுதக் கூடாது," என்று தெலுங்கில் அறிவித்து, தாட்சாயணியின் பிளாகைச் சுவரில் பெரிதாகக் காட்டினான். "எங்க அண்ணிதான், தப்பா நெனச்சுக்க மாட்டாங்க. பாருங்க, போட்டோ சரியில்ல. டைட்டில் சரியில்ல. சொல்லிக்கொடுக்கறதே தப்பு. கீழ எல்லாரும் திட்டறாங்க, இவங்க ஒரு பதில்கூடப் போடலை. இதோ இன்னிக்குக் காலைல கூட ஒண்ணு வந்திருக்குது."

சபைக்குத் தமாஷாக இருக்கட்டும் என்று அதைச் சத்தமாகப் படித்தான். தெலுங்கு எழுத்து, தமிழ்ப் பேச்சு.

"அக்கா, நீங்க எழுதினாப்பல போட்டேன், கூடை ஒரு பக்கம் சாஞ்சிடுச்சு. எங்க ரூம்ல இருக்கற ஒரு அக்கா அத்தப் பிடுங்கிப் பிரிச்சுப் போட்டாங்க. நாலாவது மூலைக்கு வந்தா அவளுக்கு வாய் ஓட ஆரம்பிச்சுடும், கை நின்னுடும், அப்பலேருந்தே இப்படித்தான்னு சொன்னாங்க. உங்களுக்கு அவங்களத் தெரியுமான்னு கேட்டேன். பதில் சொல்லாம எழுந்து போய்ட்டாங்க. இப்படிக்கு சந்தியா, லேடீஸ் ஹாஸ்டல், சூளூர்பேட்டை."

ஆரத்தித் தட்டு அம்மாக்கள் சிரித்தார்கள். கிஷோரும் சிரித்தபடி முன்வரிசையைப் பார்த்தான். தாட்சாயணி எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"ஊரு பேர இன்னொரு வாட்டி படி," என்றாள்.

"சூளூர்பேட்டை. ஏன் அண்ணி?"

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கூடைகளை விட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

"அண்ணி, இன்னும் மூணு டிப்ஸ் இருக்குது," என்று மைக்கில் கேட்டது.

எதிரே பஸ் ஸ்டாண்டில் சூளூர்பேட்டை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் தூரத்தைக் கணக்குப் பார்த்தாள். குவைத் என்று நினைத்துக் கடல் தாண்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளே, காளஹஸ்தி தாண்டி, நாயுடுபேட்டை தாண்டி, மூணு மணி நேரப் பஸ் தூரத்தில் ரூபா இருந்திருக்கிறாள். சந்தோஷம் வந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. கிஷோருக்கு வேலை போய்விட்டது என்று அவன் பெட்டியோடு வந்த முதல் வாரமே தாட்சாயணிக்குத் தெரியும். தெரியாத மாதிரி மூன்று வேளையும் தட்டில் சோறு போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். புருஷனின் தம்பிக்குச் செய்கிறவள் கூடப் பிறந்தவளுக்குச் செய்ய மாட்டாளா? வெறுங்கையோடு வந்தால் அக்கா கதவைச் சாத்திவிடுவாள் என்று ரூபா நினைத்துவிட்டாளா? காளஹஸ்தி வரும்வரை அவள் மனசுக்குள் ரூபாவை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அதற்குப் பிறகு அழுதாள். பக்கத்துச் சீட்டு அம்மா திருப்பதி லட்டு ஒரு துண்டு கொடுத்தாள், அதையும் அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

சூளூர்பேட்டையில் லேடீஸ் ஹாஸ்டல் ஒன்றா இரண்டா. சத்தியவேடு பக்கம் புதிதாக வந்த கம்பெனிகளுக்கு வேன் ஏறிப் போகும் பெண்கள் தெருவுக்குத் தெரு தங்கியிருந்தார்கள். மூன்றாவது ஹாஸ்டலில் சந்தியா என்று கேட்டதும் வாட்ச்மேன் உள்ளே குரல் கொடுத்தான். சந்தியா வரவில்லை. நீலக் கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக, சாயங்கால ஷிஃப்டுக்குக் கிளம்பி, ரூபாதான் படியிறங்கி வந்தாள். மெலிந்திருந்தாள்.

"எப்போ வந்தே?" என்றாள் தாட்சாயணி.

"வேற வீட்டுக்கு மாறறேன்னு உனக்குப் போன் பண்ணேனே, அதுக்கு அடுத்த மாசமே. அந்த வீட்டுல இருக்க முடியலைக்கா. சம்பளம் குடுக்கலை, பாஸ்போர்ட்டையும் வாங்கி வெச்சுக்கினாங்க. எம்பசில போய் உக்காந்து, கட்டின துணியோட வந்து சேந்தேன்."

"வந்தவ நேரா நம்ம வீட்டுக்கு வர்றதுக்கு இன்னா?"

"ரூபா குவைத்துல கீறான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கும். ஒண்ணுமில்லாம எப்படி வந்து நிக்கறது? இங்க நாலு மாசம் வேலை பாத்து, கைல ஏதாச்சும் சேத்துக்கினு வரலாம்னு பாத்தேன். நாலு மாசம் இத்தனை மாசமாயிடுச்சு."

"ஊரு கெடக்குது. நீ செத்துட்டியோன்னு நெனச்சேன்டி." தாட்சாயணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தச் சந்தியாப் பொண்ணு மட்டும் கூடை போடலைன்னா, எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

ரூபா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவ கூடையே போடலைக்கா. எழுதச் சொன்னது நான்தான். நான் சொல்லச் சொல்ல அவ தட்டினா."

"அப்போ நீ படிச்சியா?"

"மொத வாரத்துலேருந்து. எங்க ரூமே படிக்குது. நாலாவது மூலைய நீ வேணும்னுதான் வுட்டேன்னு பாத்த அன்னிக்கே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சும் நாப்பது நாளா சும்மா இருந்தியாடி?"

"என்னக் கண்டுபிடிச்சுடுவியோன்னு மொதல்ல பயமா இருந்துச்சு," என்றாள் ரூபா. "அப்புறம், கண்டுபிடிக்காமலே வுட்டுடுவியோன்னு பயமா இருந்துச்சு."

தாட்சாயணி அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு, வேனுக்காகக் காத்திருந்த அத்தனை பெண்களும் பார்க்க, அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். வேன் வந்து ஹாரன் அடித்தது. ரூபா கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டு, துணியெடுத்துக்கொண்டு வருகிறேன், இங்கேயே நில்லு என்று அக்காவிடம் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள்.